யாழ்ப்பாணம் போக எந்த மாதம் நல்லது?

எமது கிராமங்களில் ஒரு பெண் ஊரைவிட்டு வெளிக்கிடுவதென்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். பிள்ளையின் கிளினிக், கோயில் நேர்த்தி, சொந்தத்தில் ஒரு மரண வீடு, காணாமற்போனவரைத் தேடும் விசாரணை, இல்லாவிட்டால் வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போட் எடுக்கும் அலைச்சல். "சும்மா பார்த்துவிட்டு வரப் போகிறேன்" என்று சொல்லி வீட்டுப் படி இறங்கும் சுதந்திரம் இன்றும் பெரும்பாலும் ஆண்களுக்கே உரியதாக இருக்கின்றது. ஆகவே ஒரு நகரத்தை இரண்டு மூன்று நாட்கள் சுற்றிப் பார்க்க எந்தக் காலம் நல்லது என்ற கேள்வி எமது பெண்களிடம் அரிதாகவே எழுகின்றது. எழும்போது, அதற்கு விடை காண்பது நினைப்பதுபோல் இலகுவானதுமல்ல.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் கிராமியப் பெண்கள் குழுக்களுடன் வேலை செய்பவள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்றபோது, நாட்காட்டி என்பது ஒரு சமூகம் கூடி வாழும் ஒழுங்கின் வெளிப்பாடு என்று எமில் டேர்க்ஹைம் என்ற பிரெஞ்சு அறிஞர் சொன்னதைப் பரீட்சைக்காகப் படித்திருந்தேன். ஏறாவூரையும் வந்தாறுமூலையையும் சேர்ந்த 22 பெண்களுடன் யாழ்ப்பாணம் போக ஒரு மாதத்தைத் தெரிவு செய்த வேளையில்தான் அதன் பொருள் எனக்கு நன்றாக விளங்கியது.

எமது குழுவில் 14 பேர் தமிழ்ப் பெண்கள், 8 பேர் முஸ்லிம் பெண்கள். தையல், இடியப்பம் அவித்தல், கோழி வளர்ப்பு, பன்பாய் இழைத்தல் என்று பல தொழில் செய்பவர்கள். அரைவாசிப் பேர் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். கோட்டையையும் நூலகத்தையும் நல்லூரையும் படத்தில் மாத்திரம் கண்டவர்கள். 2024 ஜூன் மாதக் கூட்டத்தில் பயணப் பேச்சு எழுந்தபோது, "நல்லூர்த் திருவிழாவுக்குப் போவம்" என்று பல குரல்கள் ஒன்றாக ஒலித்தன. அது நியாயமான ஆசைதான். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா ஆவணி அமாவாசையோடு முடியும் 25 நாள் உற்சவம். யாழ்ப்பாணம் முழுவதும் விழித்திருக்கும் காலம் அது.

முஸ்லிம் பெண்கள் மறுத்து எதுவும் பேசவில்லை. அவர்களுள் மூத்த ராத்தா ஒருவர், "நீங்க போயிட்டு வாங்க மிஸ், நாங்க இன்னொரு தரம் வாறம்" என்று மட்டும் சொன்னார். கிராமங்களில் வேலை செய்யும் எவருக்கும் இந்த வசனம் பழக்கமானது. சண்டை பிடிக்காமல், எவரையும் நோகடிக்காமல் ஒருவர் விலகிக்கொள்ளும் முறை இது. அந்த 'இன்னொரு தரம்' பெரும்பாலும் வருவதேயில்லை. சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு வந்தாறுமூலை அக்கா ஒருவர், "அவங்க வராட்டி நாம போறது என்னத்துக்கு கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் எமது தேடல் தொடங்கியது.

அடுத்த கூட்டத்தில் பெரிய தாள் ஒன்றை நிலத்தில் விரித்து 12 மாதங்களையும் குறுக்கே எழுதினோம். கீழே நான்கு வரிகள். முதல் வரி மழைக்கும் காற்றுக்கும். இரண்டாவது கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும். மூன்றாவது வேலைக்கும் காசுக்கும். நான்காவது வரிக்கு முதலில் பெயர் வைக்கவில்லை. போக முடியாத இடங்களைக் கரியால் கறுப்பாக்குவது என்று தீர்மானித்தோம்.

முதல் வரியை நிரப்புவது இலகுவாக இருந்தது. எமக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மழை தருவது ஒரே வடகீழ்ப் பருவக்காற்றுத்தான். யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே கொட்டிவிடுகின்றது. 2008 நவம்பரில் 'நிஷா' புயலோடு வந்த மழை குடாநாட்டையே வெள்ளத்தில் ஆழ்த்தியது. எமது பக்கத்தில் மழை தை மாதத்திலும் விடாது. 2011 ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பில் யாரும் மறக்கவில்லை. மழை கனத்தால் மன்னம்பிட்டிப் பக்கம் வீதியை வெள்ளம் மூடிவிடும், பஸ் போகாது. எனவே ஒக்டோபர் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை கறுப்பு.

சித்திரை தொடங்கினால் வெயில். யாழ்ப்பாணத்தில் பகல் வெப்பம் 33, 34 பாகை செல்சியசைத் தொடும். அதன்பின் சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசும். எமது ஊரில் அதே மாதங்களில் கச்சான் காற்று அனலாக அடிக்கும். வெயிலென்றால் வெறும் வியர்வை என்று நினைத்துவிடக் கூடாது. பெண்கள் நெடுந்தூரப் பயணத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. நல்ல மலசலகூடம் வழியில் கிடைக்குமா என்ற பயத்தில் எட்டு மணித்தியாலம் நாக்கு வரளக் கிடப்பார்கள். வெயில் காலத்தில் இது சிறுநீர்த் தொற்றிலும் மயக்கத்திலும் முடியக்கூடும். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர்கள் எமது குழுவிலேயே பலர் இருக்கின்றனர்.

தண்ணீரைப் பற்றி இன்னொரு விடயமும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். கோடையில் அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறிவிடும். விருந்தாளியாகப் போகும் நாம் குளிப்பதும் உடுப்புத் தோய்ப்பதும் அந்தக் கிணற்றில்தான். மழை ஓய்ந்து கிணறுகள் நிரம்பியிருக்கும் தை, மாசியில் போவது அந்த ஊருக்கும் பாரமில்லாதது. முதல் வரியில் ஜனவரி நடுப்பகுதி முதல் மார்ச் வரை வெள்ளையாக மிஞ்சியது.

இரண்டாவது வரியில் எமது பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் திருக்குளிர்த்தி. ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கேஸ்வரர் திருவிழா. இந்த நாட்களில் தமிழ்ப் பெண்கள் ஊரைவிட்டு அசையமாட்டார்கள். முஸ்லிம் பெண்களுக்கு நோன்பு மாதம். சந்திர ஆண்டுக் கணக்குப்படி வருடத்துக்கு ஏறக்குறைய 11 நாட்கள் முன்னே நகர்ந்து, 2025 இல் அது மார்ச் தொடக்கத்தில் வரவிருந்தது. அதாவது வானிலை நல்லதென்று சொன்ன மார்ச் மாதம் முழுவதும் நோன்பு. "நோன்போட வரலாம்தானே" என்று ஓர் இளம் பெண் கேட்டார். நோன்பு மாதத்தில் சஹர் சமைப்பதும் இஃப்தார் ஆயத்தம் செய்வதும் யார் என்று ராத்தா சிரித்துக்கொண்டே கேட்டபோது எல்லோருக்கும் விளங்கியது. மார்ச் கறுப்பானது. அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சையும் மார்ச்சிலேயே வந்ததால், பரீட்சைக்குப் பிள்ளை இருக்கும் தாய்மாரும் நிம்மதியடைந்தனர்.

மூன்றாவது வரி வேலை. பெரும்போக அறுவடை எமது பக்கத்தில் ஜனவரி இறுதியில் தொடங்கி மார்ச் வரை நடக்கும். வெட்டு மெசின் வந்தபின் பெண்களுக்கு வயலில் கூலி குறைந்துவிட்டது. ஆனாலும் கதிர் பொறுக்குவதும், நெல்லைக் காயவைத்து அவிப்பதும் அவர்களுடைய கைகளில்தான் இருக்கின்றன. அந்த ஒரு மாத உழைப்பில் சில வீடுகளுக்குப் பாதி வருடச் சோறு வந்துவிடும். எனவே பெப்ரவரி நடுப்பகுதிக்குப் பின் முடியாது என்றார்கள். சிக்கல் என்னவென்றால் கையில் காசு புரள்வதும் அறுவடைக்குப் பிறகுதான். அறுவடைக்கு முன் போவதென்றால் காசை முன்னதாகவே சேர்க்க வேண்டும். ஆகஸ்ட் தொடங்கி ஆறு மாதங்கள், ஆளுக்கு மாதம் 1,000 ரூபா சேமிப்பது என்று அன்றே முடிவாகியது. பஸ் செலவில் ஒரு பகுதியை எமது அமைப்பு பொறுப்பேற்றது. மாதத்தை முன்கூட்டியே நிச்சயித்ததால்தான் இந்தச் சேமிப்பு சாத்தியமானது. கிழமையில் எந்த நாட்கள் என்பதையும் கடன்தான் தீர்மானித்தது. பலருக்கு நுண்கடன் தவணை செவ்வாய்க்கிழமை கட்ட வேண்டும். எனவே வெள்ளி புறப்பட்டு ஞாயிறு திரும்புவது என்றானது.

நான்காவது வரிக்கு வந்தபோது குரல்கள் தணிந்தன. ராத்தா சொன்னார்: "ஆகஸ்ட் எங்களுக்குச் சந்தோஷமாப் போற மாசமில்ல மிஸ்." 1990 ஆகஸ்ட் 11 இரவும் மறுநாள் அதிகாலையும் ஏறாவூரில் பெண்களும் பிள்ளைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவரது வீட்டிலும் அந்த இழப்பு உண்டு. நல்லூர் என்றபோது அவர் விலகிக்கொண்டதற்கு வேறு மதக் கோயில் என்பது காரணமல்ல, அந்த மாதமே காரணம் என்பதை மற்றவர்கள் அன்றுதான் அறிந்தார்கள். பிறகு வந்தாறுமூலை அக்கா பேசினார். அதே 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி, கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த மக்களிலிருந்து 150 இற்கும் மேற்பட்டோர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. அவருடைய தமையனும் அவர்களில் ஒருவர். மூன்று கிழமை இடைவெளியில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் நிகழ்ந்த இரண்டு துயரங்கள். நான்கு வருடங்களாக ஒரே பாயில் இருந்து சேமிப்புக் கணக்கு எழுதியவர்கள், ஒருவர் துக்க மாதம் மற்றவருக்குத் தெரியாமலே இருந்திருக்கின்றனர்.

அக்காதான் எழுந்து ஆகஸ்ட், செப்டெம்பர் இரண்டையும் கரியால் நிரப்பினார். மே மாத நடுப்பகுதியையும் நிரப்பினோம்; வன்னியில் உறவுகளை இழந்தவர்கள் குழுவில் இருக்கின்றனர். ஆழிப்பேரலை நினைவுக்காக டிசம்பர் கடைசியும் கறுப்பானது. அந்த வரிக்கு 'மனசு' என்று பெயர் எழுதினோம்.

நான்கு வரிகளிலும் கறுப்பாகாமல் மிஞ்சியது பொங்கல் கழிந்த பின் ஏறத்தாழ மூன்று, நான்கு கிழமைகள் மாத்திரமே. 2025 பெப்ரவரி 7, 8, 9 ஆம் திகதிகளைத் தெரிவு செய்தோம்.

அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டு பொலனறுவை, ஹபரணை, வவுனியா வழியாக மதியத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தோம். ஆனையிறவில் இருபுறமும் நீர் நிறைந்திருந்தது. குளிர்காலத்தில் வடக்கிற்கு வரும் பறவைகளை பஸ் யன்னலால் பார்த்தோம். அன்று மாலை கோட்டைக்குப் போனோம். போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பின் ஐங்கோண வடிவில் பெருப்பித்த கோட்டை அது. மதிலின் மேல் நிழல் என்பதே இல்லை. கோடை நாளில் 10 நிமிடம் நிற்க முடியாத இடத்தில், மாசிக் காற்றில் முழுச் சுற்றும் நடந்தோம். முழங்கால் வலிக்காரரும் கடனீரேரியில் பொழுது படும்வரை மதிலில் இருந்தார்கள்.

நாங்கள் தங்கிய பயிற்சி நிலையத்தின் கிணறு கைக்கு எட்டும் தூரத்தில் நிரம்பியிருந்தது. "ஆவணியில வந்திருந்தா ஆளுக்கு ஒரு வாளிதான் தந்திருப்பன்" என்று பொறுப்பாளரான அம்மா சொன்னார். காலையில் 22, 23 பாகை குளிர். மாசிப் பனி மச்சையும் துளைக்கும் என்பார்கள். போர்வை கொண்டு போகாதவர்கள் சேலையை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை திருநெல்வேலிச் சந்தை. அது பனங்கிழங்குக் காலம். கட்டுக் கட்டாகக் கிழங்கும் புழுக்கொடியலும் குவிந்திருந்தன. பனையோலைப் பெட்டி இழைக்கும் பெண் ஒருவரோடு எமது பன்பாய்க்காரப் பெண்கள் அரை மணித்தியாலம் பேசினார்கள். குருத்தோலை எப்போது வெட்டுவது, சாயம் எப்படி ஏற்றுவது, வியாபாரி என்ன விலை தருகிறார் என்று விசாரித்தார்கள். திருவிழாக் கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு நேரம் கிடைத்திருக்காது. பின்னர் நூலகம். 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டு, மீண்டும் எழுந்து நிற்கும் அந்த வெள்ளைக் கட்டடத்தின் முன் எமது பெண்கள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து, ராத்தாவின் விருப்பப்படி சோனகத் தெருவுக்குப் போனோம். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். மீள வந்தவர்கள் சிலர். கூரையில்லாத சுவர்கள் இன்னும் நிற்கின்றன. திரும்பி வந்த மூதாட்டி ஒருவர் எங்களை முற்றத்தில் இருத்தித் தேநீர் தந்தார். "நல்ல நேரம் வந்திருக்கிறியள் பிள்ளையள். ஒக்டோபரில வந்தா என்னட்ட இப்பிடிச் சிரிப்புக் காணமாட்டியள்" என்றார். எமது தாளில் நாங்கள் எழுதிய நான்காவது வரி எங்களுடைய துக்கங்களுக்கு மட்டுமானது. போகின்ற நகரத்துக்கும் அப்படி ஒரு வரி உண்டென்பதை அந்த முற்றத்தில் தெரிந்துகொண்டோம்.

மாலையில் காரைநகர் கசூரினா கடற்கரை. ஞாயிறு காலை நல்லூர். திருவிழா இல்லாத நாளில் கோயில் வீதி அமைதியாக இருந்தது. கூட்டத்தில் நசியாமல் எமது பெண்கள் நின்று கும்பிட்டார்கள். முஸ்லிம் பெண்களும், மாதவிலக்கு என்பதால் உள்ளே போக விரும்பாத இருவரும் வெளியே நிழலில் இருந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். பயணம் ஒரு கோயிலை மாத்திரம் நோக்கியதாக இல்லாததால், 'நான் இந்தக் கிழமை வரமுடியாது' என்று எவரும் மறைவில் சொல்லி நின்றுகொள்ளவில்லை. மதியம் புறப்பட்டு இரவு 9 மணியளவில் ஊர் சேர்ந்தோம்.

இதை வாசிக்கும் சகோதரிகள் சிலருக்கு நல்லூர்த் திருவிழாவே பயணத்தின் நோக்கமாக இருக்கலாம். அப்படியானால் தேர், தீர்த்தம் வரும் கடைசி நாட்களைவிடக் கொடியேறிய முதற் கிழமையில் போவது நல்லது. வெளிநாட்டுப் பாடசாலை விடுமுறைக்கு உறவினர் வந்து குவியும் காலமும் அதுவே என்பதால் தங்குமிடத்துக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கு ஆசைப்படுபவர்கள் வெயிலைப் பொறுத்துக்கொண்டு வைகாசி, ஆனியில் போகலாம். நயினாதீவுக்குப் படகேற விரும்புவோர் சோளகமும் வாடையும் பலத்து வீசும் நாட்களைத் தவிர்த்து, குறிகட்டுவானில் விசாரித்தே ஏற வேண்டும். ஆனால் எந்த மாதமானாலும், நல்ல காலம் என்று பயண முகவர் சொல்வது வானத்தையும் அறை வாடகையையும் பார்த்துச் சொல்வது. வீட்டில் சமைப்பவர் யார், கடன் கட்டும் நாள் எது, எந்தத் திகதியில் யாருக்குக் கண்ணீர் வரும் என்பதை அவர் அறியமாட்டார். அவற்றைக் குழுவில் உள்ள பெண்கள்தான் ஒருவரிடம் ஒருவர் கேட்டறிய வேண்டும். பெரும்பான்மையானோருக்கு வசதியான மாதத்தைக் கைதூக்கித் தீர்மானித்தால், சிறுபான்மையினர் "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லி மௌனமாகிவிடுவர்.

ஒரு தடவை கண்ட விடை எப்போதைக்கும் பொருந்தாது என்பதையும் கவனத்திற் கொள்ள வேண்டும். நோன்பு 2026 இல் பெப்ரவரி நடுப்பகுதி கழிந்தும், 2027 இல் பெப்ரவரி இரண்டாம் கிழமை அளவிலும், 2028 இல் ஜனவரி கடைசியிலும் தொடங்கும் கணக்கு. பொங்கலுக்கும் நோன்புக்கும் இடையிலுள்ள வெள்ளை இடம் வருடா வருடம் சுருங்குகின்றது. 2030 இல் ஜனவரித் தொடக்கத்திலும் டிசம்பர் கடைசியிலுமாக நோன்பு இரண்டு தரம் வரும்.  இந்தக் கணக்கை இப்போது எமது தமிழ்ப் பெண்களும் விரல் மடித்துச் சொல்கின்றனர்.

அடுத்த பயணம் திருகோணமலைக்கு என்று பேச்சு நடக்கின்றது. அங்கே கடல் அமைதியாக இருப்பது சித்திரை கழிந்து செப்டெம்பர் வரை. யாழ்ப்பாணத்துக்குப் பார்த்த கணக்கு அதற்கு உதவாது. புதிய தாளும் கரித்துண்டும் வந்தாயிற்று. இம்முறை நான்காவது வரியை முதலில் எழுத வேண்டும் என்று ராத்தாவும் அக்காவும் சொல்லியிருக்கிறார்கள்.